ஆறு கொடிகள் கண்ட வண்டி

1916இல் ஒடெசாவில் பிறந்து, ரஷ்ய உள்நாட்டுப் போரின் குறுக்கே ஓடி, மஞ்சூரியாவில் மறைந்த கவச ரயில் வண்டி ஸாமூரெட்ஸ். அதை 72இல் ஒரு பங்கு அளவில் செய்ய உட்காருகிறவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: எந்த நாளின் வண்டி?

மேசை மேல் நான்கு பீரங்கிக் கோபுரங்கள். நான்கையும் ஒரே உள்ளங்கையில் அடக்கிவிடலாம். இரண்டு குட்டை, இரண்டு சற்று உயரம். வண்டிக்குத் தேவை இரண்டுதான். குட்டையானவற்றை ஒட்டினால் அது 1916ஆம் ஆண்டின் வண்டி. ரஷ்யாவில் ஜார் மன்னர் இன்னும் அரியணையில் இருக்கிறார். உயரமானவற்றை ஒட்டினால் மன்னராட்சி போய்விட்டது, நாடு இரண்டாகப் பிளக்கத் தொடங்கிவிட்டது. பசை காய அரை நிமிடம் போதும். எதை ஒட்டுவது என்று முடிவு செய்ய மூன்று வாரங்கள் ஆயின.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கொலுப் படியில் வைக்கிற ரயில் பொம்மைக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இந்த வண்டியின் கதையைச் சொன்னால்தான் பதிலும் சொல்ல முடியும்.

பெயருக்கேற்ற பயணம்

கவச ரயில் என்றதும் நினைவுக்கு வருவது நடுவில் நீராவி எஞ்சின், முன்னும் பின்னும் பீரங்கிப் பெட்டிகள், எல்லாவற்றையும் மூடிய இரும்புத் தகடு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1899 நவம்பர் 15 அன்று போயர்கள் கவிழ்த்த கவச ரயில் அந்த வகை. பத்திரிகை நிருபராக அதில் பயணம் செய்து சிறைபிடிக்கப்பட்ட இளைஞர்தான் வின்ஸ்டன் சர்ச்சில். அந்த வகை ரயிலுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. புகை, ரயில் வரும் முன்பே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கொதிகலனில் ஒரு குண்டு துளைத்தால் மொத்த ரயிலும் நின்றுவிடும். நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் அடிக்கடி நிற்க வேண்டும்.

முதல் உலகப் போரின் நடுவில் ரஷ்ய ராணுவ ரயில்வேக்காரர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். எஞ்சினையே கழற்றிவிட்டு, பெட்டியைத் தானே ஓடவைப்பது என்று முடிவு செய்தார்கள். புடூஸோவ் என்ற அதிகாரியின் திட்டப்படி, 1916இல் கருங்கடல் துறைமுகமான ஒடெசாவின் ரயில் பட்டறையில் அந்த வண்டி உருவாயிற்று. உள்ளே இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். இரு முனைகளிலும் அரைக்கோள வடிவ மூடியுடன் சுழலும் கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் 57 மி.மீ. பீரங்கி. பக்கவாட்டில் இயந்திரத் துப்பாக்கிகள். மொத்தம் நான்கு அச்சுகளுடன் இரண்டு போகிகள். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் இல்லாமல் இரு திசையிலும் போகும், சண்டையும் போடும்.

அதைக் கட்டியது ஸாமூர் ரயில்வே படைப்பிரிவு. ரஷ்ய மொழியில் அந்தப் பெயருக்கு 'அமூர் நதிக்கு அப்பால்' என்று பொருள். சீனாவின் மஞ்சூரியா வழியாக ரஷ்யா போட்ட சீனக் கிழக்கு ரயில்பாதையைக் காத்த படையிலிருந்து வந்த பெயர் அது. எனவே வண்டிக்கும் 'ஸாமூரெட்ஸ்', அதாவது 'அமூருக்கு அப்பாலிருப்பவன்' என்று பெயர் வைத்தார்கள். அமூர் நதியோ ஒடெசாவிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கண்டத்தின் மறுகோடியில் ஓடுகிறது.

தென்மேற்குப் போர்முனையில் ஆஸ்திரிய, ஜெர்மானியப் படைகளை எதிர்த்து வண்டி இறங்கியது. 1917இல் பழுது பார்க்க ஒடெசாவுக்குத் திரும்பியபோது கோபுரங்களை உயர்த்தினார்கள். பீரங்கிக் குழாயை மேல்நோக்கி இன்னும் அதிகமாகத் தூக்க வழி கிடைத்தது. என் மேசையில் இரண்டு ஜோடி கோபுரங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே ஆண்டு இரண்டு புரட்சிகள் நடந்தன. 1918இல் வண்டி போல்ஷ்விக்குகளிடம் இருந்தது. கருங்கடல் கடற்படை மாலுமியான பொலுபானோவ் நடத்திய கவச ரயிலில் அதுவும் ஓர் அங்கம். அந்த ஆண்டு மே மாதம் ரஷ்யாவில் வேறொரு நெருப்பு பற்றியது. ஆஸ்திரியப் பேரரசிடமிருந்து சொந்த நாட்டை விடுவிக்க ரஷ்யாவோடு சேர்ந்து போரிட்ட செக், ஸ்லோவாக் வீரர்கள், சைபீரியா வழியாகக் கப்பலேறி பிரான்ஸ் போகவிருந்தார்கள். போல்ஷ்விக்குகள் அவர்களின் ஆயுதங்களைப் பறிக்க முயன்றபோது மோதல் வெடித்தது. ரயில்பாதை நெடுகிலும் சரக்குப் பெட்டிகளில் குடியிருந்த இந்தப் படை, சில மாதங்களில் வோல்காவிலிருந்து விளாதிவோஸ்தோக் வரை பாதையைத் தன் பிடியில் கொண்டுவந்தது. ஜூலை 22 அன்று சிம்பிர்ஸ்க் நகரம் விழுந்தது. லெனின் பிறந்த ஊர் அது. அங்கேதான் ஸாமூரெட்ஸும் செக்குகளிடம் சிக்கியது. அதற்கு 'ஓர்லிக்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். குட்டிக் கழுகு என்று அர்த்தம்.

மாஸ்கோவிலிருந்து விளாதிவோஸ்தோக் வரை பாதையின் நீளம் 9,289 கி.மீ. நம் நாட்டில் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் ஓடும் தூரத்தைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். நல்ல சாலைகள் அரிதான அந்த நிலத்தில் பாதை யாரிடமோ நாடும் அவரிடமே. குட்டிக் கழுகு அந்தப் பாதையில் கிழக்கே போனது. 1920இல் செக் படையினர் சுதந்திர செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கப்பலேறினார்கள். வண்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது, அது தங்கிவிட்டது. போல்ஷ்விக் எதிரிகளான வெள்ளைப் படையினரிடம் போயிற்று. 1922 அக்டோபரில் விளாதிவோஸ்தோக்கும் செம்படை வசமாக, வண்டி எல்லை தாண்டியது. மஞ்சூரியாவில் சீனத் தளபதிகளின் படையில் சேர்ந்தது. நாடிழந்த வெள்ளை ரஷ்யர்கள் அந்தத் தளபதிகளிடம் சம்பளத்துக்குக் கவச ரயில் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது வண்டி ஜப்பானியர் கைக்குப் போனது.

ஜார், போல்ஷ்விக், செக், வெள்ளையர், சீனர், ஜப்பானியர் என்று பதினைந்து ஆண்டுகளில் ஆறு கொடிகள். 'அமூருக்கு அப்பாலிருப்பவன்' கடைசியில் அமூருக்கு அப்பாலேயே போய்ச் சேர்ந்தான். பெயர் வைத்தவர்கள் நினைத்த வழியில் அல்ல. பாதி வழியிலேயே அந்தப் பெயரும் போய்விட்டது.

அசல் வண்டி இன்று எங்கும் இல்லை. கவச ரயில் வண்டிகளில் பிழைத்தவை சில உண்டு. மாஸ்கோ அருகே குபின்காவில் சோவியத் எம்.பி.வி-2 நிற்கிறது, வார்சா ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு ஜெர்மானிய வண்டி இருக்கிறது. அவற்றைச் செய்ய விரும்புகிறவர் அளவு நாடாவோடு போய்ப் பார்க்கலாம். ஸாமூரெட்ஸைச் செய்கிறவருக்கு மிஞ்சியிருப்பவை கறுப்பு வெள்ளைப் படங்களும் ராணுவக் குறிப்புகளும் மட்டுமே.

ஆற்றில் ஒரு கால்

மாதிரி செய்வதில் முதல் முடிவு அளவு. ராணுவ மாதிரிக்காரர்களிடம் 1:72, 1:35 என்ற இரண்டு அளவுகள் பிரபலம். 72 என்பது ஆறடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கு. 35க்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஒரு டாங்கி பொம்மைக்குள் மோட்டாரும் பாட்டரியும் வைக்க இடம் தேடியபோது, பொம்மை எவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டுமோ அதுவே அளவாயிற்று. பின்னால் உலகமே அதைப் பின்பற்றியது. ரயில் மாதிரிக்காரர்களின் உலகம் வேறு. அவர்களின் பிரபலமான அளவு 1:87; அதற்கான தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ.

கவச ரயில் வண்டிக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ராணுவக் கடையில் தண்டவாளம் கிடைக்காது; ரயில் கடையில் பீரங்கி கிடைக்காது. இதன் 1:72 பிளாஸ்டிக் கிட் ஒன்றை உக்ரைன் நிறுவனம் ஒன்று வெளியிட்டிருக்கிறது. வண்டி பிறந்த ஒடெசாவும் இன்று உக்ரைனில்தான் இருக்கிறது. 2022 முதல் மறுபடியும் ஒரு போரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கிட்டை வாங்கி ஒட்டியிருந்தால் வேலை சுலபம். ஆனால் கிட் செய்தவர்கள் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பதில்களை நானே தேட ஆசைப்பட்டேன். பிளாஸ்டிக் தகடு வாங்கி, 1:72 என்று முடிவு செய்து வெட்ட ஆரம்பித்தேன்.

முதல் தவறும் அங்கேயே நிகழ்ந்தது. கைவசம் இருந்த ரயில் பொம்மைத் தண்டவாளம் ஒன்றை வண்டிக்கு அடியில் வைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் காபி குடிக்க வந்தவர் மேசையைப் பார்த்தார். பீரங்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேஜ் எவ்வளவு தம்பி?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரஷ்யாவின் கேஜ் 1524 மி.மீ. அதை 72ஆல் வகுத்தால் 21.2 மி.மீ. நான் வைத்திருந்ததோ 16.5. திருப்பிப் பெருக்கினால் 1188 மி.மீ. அசலைவிட ஓரடிக்கும் மேல் குறுகிய பாதையில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. நிஜத்தில் அப்படி நின்றால் முதல் வளைவிலேயே சாய்ந்துவிடும் என்றார் பெரியவர். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ.; இதே அளவில் 23.3. நாற்பது ஆண்டுகள் அந்த அகலத்தைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. தண்டவாளத்தைப் பிரித்து, மரக் குச்சிகளை ஸ்லீப்பர் கட்டைகளாக வெட்டி, 21.2 மி.மீ. இடைவெளியில் மறுபடியும் ஒட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

கேஜ் கேள்வி அதோடு முடிவதில்லை. மஞ்சூரியாவில் சீனக் கிழக்கு ரயில்பாதையும் ரஷ்ய அகலத்தில்தான் 1935 வரை இருந்தது. சக்கரம் மாற்றாமலேயே வண்டி அங்கே ஓட முடியும். தெற்கே ஜப்பானியர் நடத்திய தென்மஞ்சூரியப் பாதை 1435 மி.மீ. அங்கே போக வேண்டுமானால் அச்சுகளை மாற்றியாக வேண்டும். ஆக, சீனக் கொடியோடு செய்ய விரும்புகிறவர் வண்டியை எந்த ஊரில் நிறுத்துகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதிரியில் வித்தியாசம் 1.2 மி.மீ. தான். வரலாற்றில் அது இரண்டு பேரரசுகளின் எல்லைக்கோடு.

படம் சொல்வதும் மறைப்பதும்

அளவு எழுதாத புகைப்படத்திலிருந்து வரைபடம் எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. வண்டியை நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் தண்டவாளம் தெரியும். அதன் அகலம் நமக்குத் தெரிந்த எண். அதை அளவுகோலாக வைத்து வண்டியின் அகலத்தையும் உயரத்தையும் கணக்கிடலாம். பிறகு பக்கவாட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு, கிடைத்த உயரத்தை அளவுகோலாக்கி நீளத்தைக் கண்டுபிடிக்கலாம். அருகே ஒரு சிப்பாய் நின்றால் இன்னும் நல்லது. கணக்கு சரியா என்று அவரை வைத்துச் சோதிக்கலாம். 170 செ.மீ. மனிதர் இந்த அளவில் 23.6 மி.மீ. நம் கணக்கில் அவர் ஏழடி உயரமாகிவிட்டால் தப்பு எங்கோ நேர்ந்திருக்கிறது.

எனக்கு நேர்ந்தது வேறு வகைத் தப்பு. தெளிவான இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றிலிருந்து உடலையும் மற்றதிலிருந்து கோபுரத்தையும் வரைந்தேன். குட்டைக் கோபுரம் இரண்டும் தயாராயின. 'ஓர்லிக்' என்ற எழுத்துகளையும் அச்சடித்துவிட்டேன். ஒட்டப்போகும் முன் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கோபுரத்தின் உயரம் இரண்டிலும் வேறு என்று தெரிந்தது. ஒன்று 1917க்கு முந்தைய படம், மற்றது பிந்தையது. நான் செய்துகொண்டிருந்த வண்டி எந்த நாளிலும் எந்தத் தண்டவாளத்திலும் ஓடியதில்லை. தலை ஜாரின் ராணுவத்தில், உடல் செக்குகளிடம். எழுதி வைத்த ஆதாரங்களை ஒட்டிச் சேர்த்து வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இந்த விபத்து நேரும். காகிதத்தில் அது ஒரு வாக்கியமாக ஒளிந்துகொள்ளும். மேசை மேல் கண்ணுக்கு நேரே நிற்கும்.

உயரமான ஜோடியைப் புதிதாகச் செய்தேன். குட்டையானவற்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

நிறத்தைப் பற்றிப் படங்கள் சொல்வது அதைவிடக் குறைவு. அந்தக் காலப் படச்சுருள்களும் கண்ணாடித் தகடுகளும் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை. நீலம் வெளுத்துத் தெரியும். சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகிவிடும். எனவே படத்தில் இருட்டாகத் தெரியும் பரப்பு பச்சையா, பழுப்பா, காக்கியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. புரட்சிக்காரர்களின் செங்கொடிகூட அத்தகைய படத்தில் கறுப்புக் கொடிதான். பக்கத்தில் நிற்கும் சிப்பாயின் உடை, சரக்குப் பெட்டி, மரக்கட்டை என்று நிறம் தெரிந்த பொருள்களோடு ஒப்பிட்டு ஊகிக்கலாம். அதற்கு மேல் போனால் கற்பனை.

ஊசியும் பத்திரிகை அட்டையும்

இந்தப் பொழுதுபோக்குக்கான தனிக்கடைகள் நம் நாட்டில் மிகவும் குறைவு. அதனால் செய்பவர்கள் கண்ணை வேறுவிதமாகப் பழக்கிக்கொள்கிறார்கள். 57 மி.மீ. பீரங்கியின் வாய் இந்த அளவில் 0.79 மி.மீ. பிளாஸ்டிக்கில் அப்படி ஒரு துளை போடுவது சுலபமல்ல. மருந்துக்கடையில் கிடைக்கும் 18ஆம் எண் ஊசியின் உள்விட்டம் 0.84 மி.மீ. கூர்முனையை அரத்தில் தேய்த்து நேராக்கினால் பீரங்கிக் குழாய் தயார். எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வண்டியின் கவசத் தகடு 16 மி.மீ. தடிமன் வரை இருந்தது. மாதிரியில் அது 0.22 மி.மீ. ஏறக்குறைய ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை. கதவின் விளிம்பிலும் துப்பாக்கித் துளையின் ஓரத்திலும்தான் தடிமன் வெளியே தெரியும். அங்கே மட்டும் 0.25 மி.மீ. தகட்டை வைத்தால் போதும். தகடுகளைச் சட்டத்தோடு பிணைத்தவை ரிவெட்டுகள். பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, அளவுகோலை வைத்து, மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். மறுபக்கம் புள்ளி புள்ளியாகப் புடைத்து வரும். ஒரு வரிசை கோணினால் அந்தத் தகடு முழுவதும் வீண். கோணாமல் வர மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான் வண்டி புரியத் தொடங்குகிறது. ரிவெட் வரிசை எங்கே முடிகிறதோ அங்கே தகட்டின் இணைப்பு. இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே உள்ளே ஒரு சட்டம். தகடுகள் சாய்ந்திருப்பது குண்டு வழுக்கிப் போவதற்காக. வண்டியின் அடிப்பாகத்தில் சக்கரத்தை மறைத்துக் கவசம் தொங்குவது, அச்சில் அடிபட்டால் நகர முடியாது என்பதற்காக. இருபது பக்கம் படித்தால் மனதில் ஏறாததை இருநூறு ரிவெட்டுகள் ஏற்றிவிடுகின்றன.

பெயின்ட் அடித்த பிறகு அழுக்காக்க வேண்டும். நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பை ரிவெட்டுகளைச் சுற்றி ஓடவிட்டால் அவை எழுந்து நிற்கும். அழுக்கிலும் கணக்கு உண்டு. போகியின் மேல் துருநிறம் படிந்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். பிரேக் கட்டை தேயும்போது பறக்கும் இரும்புத் தூள் அது. நம் பழைய ரயில் பெட்டிகளின் அடிப்பாகத்தில் எல்லோரும் பார்த்ததுதான். சாலையில் ஓடும் டாங்கிக்குப் பூசுகிற சேற்றை இதற்குப் பூசக் கூடாது; தண்டவாளத்தின் மேல் சேறு இல்லை. அவர் சொல்லாவிட்டால் பூசியிருப்பேன்.

யார் பக்கம்?

எல்லாம் முடிந்த பின்னும் பக்கவாட்டில் என்ன எழுதுவது என்ற கேள்வி நின்றது. எழுதினால் ஒரு பக்கம் சேர்ந்தது போலத்தான். இந்த வண்டி ஆஸ்திரியர்களைச் சுட்டது, செக்குகளுக்காகவும் சுட்டது. அதே தகடு. உள்ளே இருந்த ஆட்களும் வெளியே எழுதிய பெயரும் மாறினார்கள். மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் அழகான அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தப் படையின் மேல் பிரியமோ அதன் கொடி ஏறிவிடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் சுத்தமான வண்டியைப் பார்க்கிறவர்களுக்கு அது வீரமாகத் தெரிகிறது. அதன் எதிரே பாதையோர ஊர்களில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வருவதில்லை.

வண்டியின் அருகே ஒரு மனிதனை நிறுத்திப் பார்த்தேன். ராணுவ உடை எதுவும் தீட்டாத 23.6 மி.மீ. பிளாஸ்டிக் உருவம். நிறுத்தியதும் வண்டியின் தோற்றமே மாறிவிட்டது. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் இயந்திரம். இப்போது அது ஓர் அறை. மூடிய இரும்பு அறைக்குள் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள், பீரங்கி, துப்பாக்கிகள், நெருக்கியடித்து ஆட்கள். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே வெக்கை எப்படி இருந்திருக்கும் என்றார். எஞ்சின் சூட்டில் கை வெந்த அனுபவம் அவருக்கு உண்டு.

கடைசியில் 'ஓர்லிக்' என்றே எழுதினேன். செக்குகள் மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை. பிரியத்தை வைத்து முடிவெடுப்பதில்லை, ஆதாரத்தை வைத்து முடிவெடுப்பது என்று தீர்மானித்ததன் விளைவு அது. செக் படையினர் போகுமிடமெல்லாம் நிறையப் புகைப்படங்கள் எடுத்தார்கள். எடுத்தவற்றைப் பத்திரமாக ஊருக்கும் கொண்டுபோனார்கள். ஆறு கொடிகளில் அந்தக் கொடியின் கீழ்தான் நான் மிகக் குறைவாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். தோற்றவர்களிடம் காமிரா இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அதுவும் வரலாற்றின் ஒரு குணம்தான்.

குறைவாக என்றாலும் பொய் பொய்தான். அதனால் மரப் பலகையின் அடியில் பென்சிலால் மூன்று வரிசைகள் எழுதினேன். அளந்தவை: தண்டவாள அகலம், பீரங்கி வாய். கணக்கிட்டவை: உயரம், அகலம், நீளம், கோபுரம். ஊகித்தவை: நிறம், கூரையின் சில பகுதிகள், அடிப்பாகத்தில் படத்தில் தெரியாத எல்லாம். மூன்றாவது வரிசைதான் நீளமாக அமைந்தது. மறக்காமல் ஒரு தேதியும் போட்டேன்: 1918 கோடைக்குப் பின், சைபீரியப் பாதையில்.

குட்டைக் கோபுரங்கள் இரண்டும் இப்போது ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஜாரின் வண்டியைச் செய்ய என்றாவது உட்கார்ந்தால் உதவும்.

வண்டி முடிந்த அன்று பெரியவர் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பலகையை மெல்லத் திருப்பி, அடியில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மேலே பார்த்த நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். திருப்பி வைத்துவிட்டு, "இப்ப கேஜ் சரியா இருக்கு" என்றார்.